தலைமைப் பொறுப்பும் தன்னையறிதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற்றவர்கள், முதன்முறையாக ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அலுவலகத்தில் ஒரு குழுவின் பொறுப்பை ஏற்றவர்கள், தொழிற்சங்கத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மகளிர் சுய உதவிக் குழுவிலோ நிர்வாகிகளாக இருப்பவர்கள் பெரும்பாலும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எல்லா விடைகளுக்கும் அடியில் ஒரே கருத்து இருக்கிறது. பதவி உயர உயர, ஒருவரைப் பற்றிய உண்மை அவர் காதுக்கு வந்து சேர்வது குறைகிறது. ஆகவே நல்ல தலைவராக விரும்புகிறவர் அந்த உண்மை தம்மிடம் வருவதற்கான வழிகளைத் தாமே திட்டமிட்டு அமைத்துக்கொள்ள வேண்டும்.

வேலையில் திறமை இருந்தால் போதாதா? தலைவருக்குத் தன்னையறிதல் ஏன் அவ்வளவு முக்கியம்?

மிகுந்த திறமை உள்ளவரின் தலைமையிலும் பேரழிவு நேரும் என்பதற்கு விமானப் போக்குவரத்து வரலாற்றில் துயரமான சான்று ஒன்று இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தனர். அனுமதி கிடைக்கும் முன்பே புறப்படத் தொடங்கிய டச்சு விமானத்தின் தலைமை விமானி, தம் நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளித்துவந்த மூத்தவர். நிறுவனத்தின் விளம்பரங்களில்கூட அவர் படம் வெளிவந்திருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த துணை விமானியை அவ்வகை விமானத்தை ஓட்டத் தகுதி பெற்றவர் என்று சோதித்துச் சான்றளித்தவரும் அவரே.

அவர் முதல் முறை விமானத்தை நகர்த்த முற்பட்டபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி தடுத்தார். சற்று நேரத்தில் மீண்டும் அவர் புறப்பட்டபோது துணை விமானி வெளிப்படையாகத் தடுக்கவில்லை. எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுபோனது. மூடுபனி, வானொலித் தொடர்பில் ஏற்பட்ட இடையூறு, வேறொரு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் தெனெரிஃபுக்குத் திருப்பிவிடப்பட்ட விமானங்களின் நெரிசல் என்று பல காரணங்கள் அந்த விபத்தில் ஒன்று சேர்ந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஐயம் எழுந்தது, அது வாய்விட்டுக் கேட்கவும் பட்டது, கேட்டவரைவிடப் பெரியவர் மறுத்துவிட்டதால் அடங்கியும் போனது என்பது என்னை விட்டு நீங்காத செய்தி. தம்முடைய மூப்பும் உறுதியான குரலும் உடன் இருப்பவர்களின் வாயை எந்த அளவுக்கு அடைத்துவிடும் என்பதை அறிந்த ஒருவர், அந்தக் கேள்வி வந்த நொடியில் தயங்கி நின்றிருப்பார். தலைவருக்கு வேண்டிய தன்னறிவு என்று நான் சொல்வது முதலில் இதைத்தான்: தாம் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற அறிவு.

என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? பிறர் சொல்லித்தான் நான் அறிந்துகொள்ள வேண்டுமா?

உங்கள் எண்ணம் உங்களுக்கு மட்டுமே தெரியும். உங்கள் முகமும் குரலும் செயலும் பிறருக்குத்தான் தெரியும். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-இல் இதை நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சாளரமாக வரைந்து காட்டினார்கள். தனக்கும் பிறருக்கும் தெரிந்தது, தனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, இருவருக்கும் தெரியாதது என்பன அந்த நான்கு கட்டங்கள். தலைவருக்கு ஆபத்தானது மூன்றாவது கட்டம். கூட்டத்தில் இளையவர் பேசத் தொடங்கியதும் கைபேசியை எடுத்துப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அது அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், உங்களைத் தவிர.

இதனுடன் இன்னொரு மனப்போக்கும் சேர்ந்துகொள்கிறது. நாம் தாமதமாக வந்தால் பேருந்து வரவில்லை என்கிறோம். பிறர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர் என்கிறோம். நம் செயலுக்குச் சூழ்நிலையையும் பிறர் செயலுக்கு அவர்கள் குணத்தையும் காரணமாக்கும் இந்தப் பழக்கம் எல்லா மனிதர்களிடமும் உண்டு. சாதாரணமாக நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் மறுத்துப் பேசி இதைச் சற்றுத் திருத்திவிடுவார்கள். பதவிக்கு வந்தபின் மறுத்துப் பேசுகிறவர்கள் குறைந்துவிடுவதால், மனம் தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளும் விளக்கங்களே உண்மையாக நிலைத்துவிடுகின்றன.

அப்படியானால் தனிமையில் சிந்திப்பதாலும் நாட்குறிப்பு எழுதுவதாலும் பயன் இல்லையா?

மிகுந்த பயன் உண்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. இரண்டையும் ஜவாஹர்லால் நேருவின் வாழ்க்கையிலேயே காணலாம்.

1937 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில், அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த நேருவைக் கடுமையாக எடைபோடும் கட்டுரை ஒன்று ‘சாணக்கியா’ என்ற பெயரில் வெளியானது. மக்களிடம் அளவற்ற செல்வாக்கு, உறுதியான மனம், ஓயாத ஆற்றல், செருக்கு, பிறரைப் பொறுத்துக்கொள்ளாத தன்மை, திறமையற்றவர்கள் மீது ஒருவித இகழ்ச்சி ஆகியவை அவரிடம் இருக்கின்றன என்றும், ஒரு சர்வாதிகாரிக்கு வேண்டிய கூறுகள் இவையே என்றும், அவரை மீண்டும் தலைவராக்கி அந்தச் செருக்கை வளர்க்கக் கூடாது என்றும் அக்கட்டுரை வாதிட்டது. அதை எழுதியவர் நேருவே என்பது பின்னர்தான் வெளிப்பட்டது. புகழின் உச்சியில் இருக்கும் ஓர் அரசியல் தலைவர் தம் குறைகளைத் தாமே இவ்வளவு கூர்மையாகக் கண்டு எழுதிய செயலுக்கு இணையாக வேறொன்றை நம் நாட்டு வரலாற்றில் நான் அறியேன்.

ஆயினும் அந்த அறிவு அவரைப் பிற்காலத்தில் முழுமையாகக் காக்கவில்லை. 1959-இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் தரைப்படைத் தளபதி திம்மையா பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நேரு அவரை வற்புறுத்தி அதைத் திரும்பப் பெறவைத்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1962-இல் சீனாவுடன் நடந்த போரில் தோல்வி ஏற்பட்டபோது, மாற்றுக் கருத்துகளுக்குப் போதிய இடம் தரப்படவில்லை என்ற குற்றச்சாட்டு அரசின் மீது வலுவாக எழுந்தது. தன் குணத்தை ஒருமுறை தெளிவாகக் கண்டுகொள்வது வேறு. அந்தக் குணம் தலைதூக்கும் நாளில் தடுத்து நிறுத்துவதற்கு ஆட்களையும் முறைகளையும் பக்கத்தில் வைத்திருப்பது வேறு என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

நாட்குறிப்பைப் பொறுத்தவரை, உணர்வுகளை எழுதுவதுடன் முடிவுகளையும் எழுதிவைக்குமாறு பரிந்துரைக்கிறேன். முக்கியமான முடிவு ஒன்றை எடுக்கும்போது, என்ன முடிவு, ஏன் எடுத்தேன், யார் மறுத்தார்கள், ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன் என்பவற்றைத் தேதியுடன் குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள். நினைவு நமக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளும். தேதியிட்ட எழுத்து அப்படித் திருந்தாது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் தவறுகிறோமா, காலத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோமா, செலவைக் குறைத்து மதிப்பிடுகிறோமா என்பது ஓரிரு ஆண்டுகளில் உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

நான் கருத்துக் கேட்டாலும் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?

நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மூத்தவர் எதிரே மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. கூட்டத்தில் தலையசைத்தவர்கள் வெளியே வந்து தேநீர்க் கடையில்தான் உண்மையான கூட்டத்தை நடத்துகிறார்கள். ‘எல்லோரும் தயங்காமல் பேசலாம்’ என்ற ஒரு வாக்கியத்தால் இந்த வழக்கம் மாறாது. கூட்டம் நடக்கும் முறை மாற வேண்டும்.

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் அனுபவம் இங்கே எடுத்துக்காட்டத் தக்கது. 1961 ஏப்ரலில், கியூபாவிலிருந்து வெளியேறியிருந்த சுமார் 1,400 பேரைக் கொண்டு அந்நாட்டின் பன்றிகள் விரிகுடாவில் நடத்தப்பட்ட படையெடுப்பு மூன்று நாட்களுக்குள் தோற்றது. அந்தத் திட்டத்தைப் பற்றி ஐயம் கொண்டிருந்த ஆலோசகர்கள் சிலர் கூட்டங்களில் வாய் திறக்காமல் இருந்துவிட்டார்கள். தோல்விக்கான பொறுப்பைக் கென்னடி வெளிப்படையாக ஏற்றார். அத்துடன் முடிவெடுக்கும் முறையையும் மாற்றினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்து அணு ஆயுதப் போரே மூளக்கூடும் என்ற நிலை வந்தபோது, பதவி வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் வாதிடும் வகையில் ஆலோசனைகள் நடந்தன. தாம் இருந்தால் தம் விருப்பத்தை ஊகித்துப் பேசுவார்கள் என்பதை உணர்ந்து, சில கூட்டங்களுக்கு அவர் வேண்டுமென்றே போகவில்லை. ஏறத்தாழ அதே மனிதர்கள், அதே தலைவர். பேசும் முறை மாறியிருந்தது.

உங்கள் அளவில் இதைச் செய்ய அதிகாரமோ பணமோ தேவையில்லை. உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். பணியில் இளையவரிடமிருந்து பேச்சைத் தொடங்குங்கள். மூத்தவர் பேசிவிட்டால் இளையவர் அதைத்தான் வழிமொழிவார். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற விடைதான் வரும். ‘இந்தத் திட்டம் தோற்றுப்போனால் எதனால் தோற்றிருக்கும்?’ என்று கேட்டால் குறைகள் வெளியே வரும், சொல்கிறவரும் உங்களைக் குறை கூறியதாக உணர மாட்டார். ஒருவர் மறுத்துப் பேசியவுடன் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை மற்றவர்கள் எல்லோரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்த முதல் ஒரு நிமிடத்தில் விளக்கம் சொல்லத் தொடங்காமல் குறித்துக்கொண்டால், அடுத்த முறை இன்னொருவர் பேசுவார்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தியை வைப்பதற்கு முன் அறையில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்களா என்று உறுதிசெய்யும் படி ஒன்று உண்டு. ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்டவர், பிறகு தவறு ஒன்றைக் காணும்போதும் பேசுவதற்குத் தயங்குவது குறைகிறது. உங்கள் கூட்டங்களிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் எல்லோரும் ஒரு வாக்கியமாவது பேசும்படி செய்து பாருங்கள்.

தலைவருக்குரிய குணம் பிறவியில் அமைவதா, பயிற்சியால் வருவதா?

பயிற்சியால் வரும் என்பதை விமானத் துறை நிறுவிக் காட்டியிருக்கிறது. தெனெரிஃப் விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1978 டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகருக்கு அருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 10 பேர் இறந்தனர். சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற சிக்கலிலேயே தலைமை விமானியின் கவனம் முழுவதும் இருந்தது. எரிபொருள் குறைகிறது என்பதை உடன் இருந்தவர்கள் குறிப்பாகச் சொன்னார்களே தவிர வலியுறுத்திச் சொல்லவில்லை. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து, 1979-இல் நாசா விமான நிறுவனங்களைக் கூட்டி ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ், விமான அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் செயல்படுவதற்கான பயிற்சியைத் தன் விமானிகளுக்குத் தரத் தொடங்கியது. தலைமை விமானி தம் தலைமைப் பாணியைத் தாமே பார்த்துக்கொள்வதும், இளையவர் தெளிவாக எச்சரிக்கப் பழகுவதும் அதன் மையமாக இருந்தன. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு இது கட்டாயப் பயிற்சி.

1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் டிசி-10 விமானம் ஒன்று, வால்பகுதி இயந்திரம் சிதறியதால், நடுவானில் கட்டுப்பாட்டு அமைப்புகள் அனைத்தையும் இழந்தது. அந்த நிலைக்கு எந்தக் கையேட்டிலும் வழி சொல்லப்பட்டிருக்கவில்லை. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த டெனிஸ் ஃபிட்ச் என்ற, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானியை உள்ளே அழைத்து, இயந்திர விசைகளை இயக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். எல்லோரும் சேர்ந்து யோசித்து விமானத்தை அயோவா மாநிலத்தின் சூ சிட்டி வரை கொண்டு சேர்த்தார்கள். விமானம் தரையிறங்கும்போது உடைந்து சிதறியது; இருந்தும் 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். தங்களுக்குத் துணை நின்றது அந்தப் பயிற்சிதான் என்று ஹெய்ன்ஸ் பின்னாளில் கூறினார்.

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் உறுதியற்றவர் என்று நினைக்க மாட்டார்களா?

கேட்பதும் முடிவெடுப்பதும் தனித்தனி வேலைகள். ஹெய்ன்ஸ் எல்லோரையும் கேட்டார், ஆனால் அந்த விமானத்தின் தலைவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. எதுவரை விவாதம், எப்போது முடிவு, முடிவு யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் வராது. முடிவு எடுத்தபின் காரணத்தைச் சொல்லுங்கள். தங்கள் கருத்து ஏற்கப்படாதவர்கள்கூட அதை மதிப்பார்கள்.

கோபம் வந்தால் அடக்க முடிவதில்லை. அதற்கு என்ன வழி?

கோபத்துக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இரவை வைப்பதுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் என்ற இடத்தில் வென்றபின் எதிரிப் படையைத் தப்பவிட்ட தளபதி மீட் மீது அதிபர் ஆபிரகாம் லிங்கனுக்கு மிகுந்த வருத்தமும் சினமும் இருந்தன. அவற்றையெல்லாம் ஒரு கடிதமாக எழுதினார்; கையெழுத்திடவும் இல்லை, அனுப்பவும் இல்லை என்ற குறிப்புடன் அது அவருடைய தாள்களுக்கிடையே கிடைத்தது. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பணியாளரைக் கண்டித்து எழுதத் தோன்றும்போது, அதை வேறெங்காவது எழுதிவைத்துக் காலையில் படியுங்கள். கண்டிக்க வேண்டியது அப்போதும் இருந்தால், அவரைத் தனியே அழைத்துச் சொல்லலாம்.

தவறு நேர்ந்தால் தலைவர் எப்படிப் பொறுப்பேற்க வேண்டும்? பதவி விலகுவதுதான் வழியா?

1956 நவம்பரில் அரியலூர் அருகே நடந்த பெரும் ரயில் விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை இன்றும் நாம் மதிப்புடன் நினைவுகூர்கிறோம். அரசின் உயர்ந்த பொறுப்புகளில் அத்தகைய விலகலுக்கு ஓர் இடம் உண்டு. அன்றாடத் தலைமைக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது, இருந்துகொண்டே பழியை ஏற்பது. அது இன்னும் கடினம்.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட முதல் எஸ்எல்வி-3 ஏவூர்தி வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி தடை சொல்லியும், வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு ஏவிவிடலாம் என்று முடிவெடுத்தவர் தாமே என்பதைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் வெளிப்படையாகச் சொன்னார். அன்று செய்தியாளர்களைச் சந்திக்கும் பொறுப்பை இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன் தாமே ஏற்று, தோல்விக்கான பொறுப்பைத் தம் மீது எடுத்துக்கொண்டு, தம் குழு அடுத்த ஆண்டில் வெல்லும் என்றார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுதல் வென்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்தபோது, செய்தியாளர் கூட்டத்தை நடத்துமாறு கலாமைப் பணித்தார்.

பலரும் இதைப் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதன் நடைமுறைப் பயனையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேலே இருப்பவர் பழியைத் தாங்கிக்கொண்டதால் கீழே இருப்பவர்களுக்கு எதையும் மறைக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. என்ன பழுது என்பதை அச்சமின்றி ஆராய முடிகிறது. பழி யார் தலையில் விழும் என்று தெரியாத அலுவலகத்தில் முதலில் மறைக்கப்படுவது தகவல்தான்.

மன்னிப்புக் கேட்கும்போது என்ன தவறு என்பதைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். ‘யாருக்காவது வருத்தம் ஏற்பட்டிருந்தால்’ என்று தொடங்கும் மன்னிப்பு எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. எந்தக் கூட்டத்தின் முன் ஒருவரைத் தவறாகக் கடிந்தீர்களோ, அதே கூட்டத்தின் முன் அதைத் திருத்துங்கள்.

என் மீது வரும் விமர்சனங்களில் எது உண்மை என்று எப்படி அறிவது?

ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இருவர் அல்லது மூவர் ஒரே குறையைச் சொன்னால் அது பெரும்பாலும் உண்மை. உங்களால் ஆதாயமோ இழப்போ இல்லாதவர் சொன்னால் அதற்கு எடை கூடுதல். குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சுட்டாமல் உங்கள் குணத்தை மட்டும் தாக்குவது பெரும்பாலும் பயன்படாது. ‘எந்த நாளில், எதைச் சொன்னபோது அப்படித் தோன்றியது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கான இடஒதுக்கீடு 2016-இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். ஆண் தலைவர் கணக்குக் கேட்டால் கண்டிப்பானவர் என்று பாராட்டும் ஊரே, பெண் தலைவர் கேட்டால் திமிர் பிடித்தவர் என்கிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் தம் நாற்காலியில் அமரவும் தேசியக் கொடியை ஏற்றவும் விடாமல் தடுக்கப்பட்ட செய்திகளும் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. இத்தகைய இடங்களில் வரும் வசையைத் தம் குணத்தின் பிரதிபலிப்பாக எடுத்துக்கொண்டு ஒருவர் தம்மைத் திருத்திக்கொள்ள முற்படுவது அநீதிக்குப் பணிவதாகிவிடும். அவர்களுக்குத் தேவை சட்டத்தின் துணையும், அதே நிலையில் இருக்கும் பிற தலைவர்களின் தோழமையும். தன்னையறிதல் என்பதில், எந்தப் பழி தன்னுடையது இல்லை என்று அறிவதும் அடங்கும்.

என் குறை எனக்குத் தெரிகிறது, ஆனால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. என்ன செய்யலாம்?

குணம் முழுவதையும் மாற்ற முற்பட வேண்டாம். ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள். எடுத்துக்காட்டாக, பிறர் பேசும்போது குறுக்கிடுவது. அதைக் குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லி, குறுக்கிடும்போதெல்லாம் நினைவூட்டும் உரிமையை ஒருவரிடம் கொடுங்கள். நினைவூட்டியவரிடம் ஒருமுறை முகம் சுளித்தாலும் அந்த ஏற்பாடு முடிந்துவிடும் என்பதால் அவரைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பதும், அவர் சொல்வதற்கு நன்றி சொல்வதும் உங்கள் பொறுப்பு.

மாறாத குறைகளுக்கு ஆளைத் துணைவைத்துக்கொள்ளலாம். கணக்கில் பொறுமை இல்லாதவர் பொறுமையான பொருளாளரையும், விரைந்து முடிவெடுப்பவர் நிதானமான துணைத் தலைவரையும் தேடிக்கொள்ள வேண்டும். தம்மைப் போன்றவர்களையே சுற்றி அமர்த்திக்கொள்ளும் இயல்பு எல்லாத் தலைவர்களுக்கும் உண்டு. அப்படி அமர்த்தும்போது அவர்களுடைய குறைகளும் உங்கள் குறைகளுடன் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடுகின்றன. நிறுவனத்துக்கு வெளியே, உங்கள் பதவியால் எந்தப் பயனும் அடையாத ஒருவரிடம் மாதம் ஒருமுறையாவது மனம் திறந்து பேசுங்கள். பழைய ஆசிரியர், ஓய்வு பெற்ற சக பணியாளர், உடன்பிறந்தவர் என்று யாராகவும் அவர் இருக்கலாம்.

பொறுப்பை விட்டு விலகும் காலத்தை எப்படி அறிவது?

காமராசர் 1954 முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்து, தோல்வி எதுவும் துரத்தாத நிலையில், 1963 அக்டோபர் 2 அன்று கட்சிப் பணிக்காகத் தாமே விலகினார். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா இன்னொரு முறை அதிபராக வாய்ப்பிருந்தும் 1999-இல் ஒரே பதவிக் காலத்துடன் நிறுத்திக்கொண்டார். இத்தகைய விலகல்கள் எல்லோருக்கும் விதியாகா. ஆனால் சில அடையாளங்களைக் கவனிக்கலாம். உங்களிடம் கெட்ட செய்தி கடைசியில் வரத் தொடங்கியிருப்பது ஓர் அடையாளம். நீங்கள் ஒரு மாதம் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடும் என்று பெருமையுடன் சொல்லத் தொடங்குவது இன்னொன்று. அடுத்து வருகிறவரைப் பற்றிப் பேசினாலே மனம் சுருங்குவது மூன்றாவது. இவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், இந்த ஆண்டிலேயே இரண்டு பேருக்கு உங்கள் வேலையின் ஒரு பகுதியை முழுப் பொறுப்புடன் கொடுத்து, கையெழுத்திடும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்து, அவர்கள் உங்களிலிருந்து வேறுபட்ட முறையில் அதைச் செய்வதைக் குறுக்கிடாமல் பாருங்கள்.